எனக்கு வராது



ஆசிரியப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தவன் நான். அவற்றுள் பெரும்பகுதி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கழிந்தது. அத்தனை காலமும் வகுப்பறையில் நான் மிகுதியாகக் கேட்ட சொல் எது என்று வினவினால், 'உள்ளேன் ஐயா' என்பதற்கு அடுத்தபடியாக 'எனக்கு வராது' என்பதுதான் என்பேன். கணக்கு எனக்கு வராது; ஆங்கிலம் எனக்கு வராது; நாலு பேர் நடுவே நின்று பேச வராது. இவ்வாறு சொல்பவரின் குரலில் வருத்தம்கூட இருப்பதில்லை. தம் உயரத்தையோ தம் ஊர்ப்பெயரையோ சொல்வதுபோல அமைதியாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவர்.

இச்சொல்லைச் சற்று உற்றுநோக்குங்கள். தமிழில் நாம் 'எனக்கு நீச்சல் வரும்', 'அவளுக்குப் பாட்டு வரும்' என்று பேசுகிறோம். கலை ஏதோ விருந்தினரைப் போலத் தானே படியேறி வரும், நாம் திண்ணையில் அமர்ந்திருந்தால் போதும் என்பதுபோல அவ்வழக்கு அமைந்திருக்கிறது. அழகிய வழக்குத்தான், ஆனால் எதிர்மறையில் அது நம்மை ஏமாற்றிவிடுகிறது. 'வரவில்லை' என்பது நேற்றுவரை நிகழ்ந்ததைக் கூறும் செய்தி. 'வராது' என்பதோ நேற்று, இன்று, நாளை ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் அடைத்துவிடும் தீர்ப்பு. நம்மில் பலர் 'வரவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வராது' என்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மனிதனின் வாழ்க்கை அளவுக்கு நீண்டது என்பதை நான் ஒரு மாணவனிடம் கற்றேன். அவனுக்கு அச்சொல்லைக் கொடுத்தவனே நான்தான்.

பணியில் சேர்ந்து நான்காம் ஆண்டு. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் ஊரின் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தி வந்தேன். பின்னங்களைக் கூட்டும் பாடம். முக்காலும் அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கரும்பலகையில் எண்களாக எழுதி, ஒரு பையனை அழைத்தேன். அவன் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான். மேலெண்களை எல்லாம் கூட்டி மேலே எழுதினான். கீழெண்களைக் கூட்டிக் கீழே எழுதினான். மறுநாளும் அவ்வாறே செய்தான். மூன்றாம் நாள் நான், "உனக்குக் கணக்கு வராது, போய் உட்கார்" என்றேன். சினத்தில் சொன்னேன் என்றாலும் ஒரு சமாதானம் உண்டு. நான் சினம் கொள்ளவே இல்லை. வானிலை அறிவிப்பதுபோலச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் கணக்கு வகுப்பில் தலை நிமிரவில்லை. சில நாட்களில் கணக்கு நோட்டைக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டான்.

அவ்வாண்டு சித்திரை விடுமுறையில் உறவினர் ஒருவருடன் மல்லாட்டை விற்கச் சென்றேன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மணிலாக்கொட்டை என்னும் பெயர் வாய்வழக்கில் அவ்வாறு ஆயிற்று. விளைபொருள்களை ஏலத்தில் விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை உழவர்கள் 'கமிட்டி' என்று வழங்குவர். அங்கே மூட்டைகளுக்கு நடுவில் அப்பையன் தன் தந்தையுடன் நின்றுகொண்டிருந்தான். தந்தைக்கு எழுத்தறிவு இல்லை. எடை போடுபவர் ஒவ்வொரு மூட்டையாகத் தராசில் ஏற்றி அளவைக் கூவினார்: நாற்பதே முக்கால், முப்பத்தொன்பதரை, நாற்பத்தொன்றே கால். அவர் தாளில் கூட்டி முடிப்பதற்குள் பையன் தந்தையிடம், "நூற்று இருபத்தொன்றரை, சாக்கு எடை மூன்று போனால் நூற்றுப் பதினெட்டரை" என்று சொல்லிவிட்டான். சிறிது நேரத்தில் தாளிலும் அதே எண் வந்தது.

நான் திகைத்துப்போனேன். அவனை அருகில் அழைத்து, "இது உனக்கு எப்படிடா வந்தது?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இது கணக்கு இல்லை சார், எடை" என்றான்.

நான் கரும்பலகையில் எழுதியதும் முக்கால், அரை, கால் என்னும் அதே மூன்று அளவுகள்தாம். தராசின் அருகில் நிமிடத்தில் கூட்டியவன் வகுப்பறையில் கூட்ட முடியாமல் நின்றான். அதைவிடக் கொடியது, தனக்குத் தெரிந்ததையே கணக்கு அன்று என்று அவன் விலக்கிவைத்ததாகும். தன்னால் முடிந்தது என்றால் அது கணக்காக இருக்க இயலாது என்று அவன் மனம் முடிவு செய்திருந்தது. ஒரு தவறான நம்பிக்கை தனக்கு எதிரான சான்றையும் விழுங்கிச் செரித்துவிடும் ஆற்றல் உடையது என்பதை அன்று கண்டேன்.

இது திண்டிவனத்துக்கு மட்டும் உரிய புதுமை அன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களை ஆராய்ந்த மூவர், 1985ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். வாடிக்கையாளரைப்போல விலை கேட்டு வினவியபோது அச்சிறுவர்கள் நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகச் செய்தனர். அதே கணக்குகளை எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரியாயின. நம் நாட்டிலும் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் இவ்வாறே ஆராய்ந்து 2025ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. சந்தைச் சிறுவர்கள் மனக்கணக்காகக் கொடுக்கல் வாங்கலைத் திறம்படச் செய்தனர். பாடநூல் வடிவில் வந்த எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளிக்கு மட்டுமே சென்ற பிள்ளைகள் தாளில் செய்தனர், சந்தையில் தடுமாறினர். இரு சாராருக்கும் 'வராது' என்ற பட்டத்தைச் சூட்ட இடம் உண்டு. இரு சாராருக்கும் அது பொய்.

ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் தாழ்வான எண்ணம் பெரும்பாலும் அவர் தாமாகக் கண்டறிந்தது அன்று. யாரோ சொல்லக் கேட்டது. ஆசிரியர் ஒருமுறை சொல்கிறார். அத்தை ஒருமுறை சொல்கிறார். மதிப்பெண் பட்டியல் ஆண்டுக்கு மூன்று முறை சொல்கிறது. பிறகு பிறர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல், நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறோம். அறிவுத்திறனை அளக்கும் சோதனையை 1905ஆம் ஆண்டு உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் பினே, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறியவே அதனை அமைத்தார். அறிவு என்பது மாறாத அளவுடையது, அதை வளர்க்க இயலாது என்ற கருத்தை அவரே 1909ஆம் ஆண்டு நூல் எழுதி மறுத்தார். அவருக்குப் பின்வந்தோர் அந்த அளவுகோலையே பிள்ளைகளின் நெற்றியில் முத்திரை குத்தப் பயன்படுத்தினர் என்பது கல்வி வரலாற்றின் கசப்பான பக்கங்களுள் ஒன்று.

முத்திரை தனி ஒருவர் மேல் மட்டுமா விழுகிறது? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். 2006ஆம் ஆண்டு அது ஆய்விதழில் வெளிவந்தது. சிக்கலான பாதைப் புதிர்களைத் தீர்க்க வேண்டும். தீர்த்த ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. யார் எச்சாதி என்று அறிவிக்காதபோது, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களும் உயர்சாதி எனப்பட்ட சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தனர். தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தபின், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் தெளிவாகக் குறைந்தது. புதிர் அதேதான். இடையில் நுழைந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. வகுப்பறையில் உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப்பெயருடன் உரக்கப் படிக்கும் வழக்கம் நம் பள்ளிகள் சிலவற்றில் இருந்தது. அதைப் படிப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது எத்தனை ஆண்டு வேலை என்பதை இச்சோதனையை அறிந்த பிறகே நான் எண்ணிப்பார்த்தேன்.

எங்கள் மாவட்டத்தின் மீதும் ஒரு முத்திரை உண்டு. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது விழுப்புரம் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருக்க, இம்மாவட்டத்தில் அது ஏறத்தாழ 72 விழுக்காடாக இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019இல்தான். ஆதலால் அந்த எண் இரு பகுதிகளுக்கும் சேர்த்தே உரியது. எண் உண்மை. பள்ளியைக் கட்டவும் ஆசிரியரை அனுப்பவும் அரசுக்கு அது பயன்படும். ஆனால் அவ்வெண்ணை ஒரு பிள்ளை தன் சட்டையில் குத்திக்கொண்டு, 'நாங்கள் பின்தங்கிய மாவட்டம் சார்' என்று சொல்லும்போது, அது புள்ளிவிவரம் என்னும் நிலையை இழந்து சாக்காக மாறிவிடுகிறது.

விழுப்புரம் என்றதும் எனக்கு அதன் ரயில் சந்திப்பு நினைவுக்கு வரும். 1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் இச்சந்திப்பில் இறங்கித் திருக்கோவலூர் செல்லும் வண்டிக்கு மாறினார். அவருக்கு வயது இருபத்துமூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. மணமாகி ஓராண்டு, வருமானம் இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்து, கணிதம் அல்லாத பாடங்களில் தவறி, அதை இழந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதித் தோற்றவர். 1907இல் தனித்தேர்வராக மீண்டும் எழுதி மீண்டும் தோற்றவர். அவர் கையில் இருந்தவை கணிதக் குறிப்பேடுகள். அவ்விளைஞரே சீனிவாச இராமானுஜன்.

திருக்கோவலூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமானவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர் அவ்வேலையைக் கொடுக்கவில்லை. இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து அனுப்பினார். பசித்தவனுக்கு வேலை தராமல் கடிதம் தருவது கொடுமையன்றோ என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அக்கடிதங்களின் வழியேதான் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் பொருளுதவி வந்தது. 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணியும் வந்தது.

நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது, அவர் 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தை. தாம் துறைமுக அலுவலகத்தில் சிறு ஊதியம் பெறும் எழுத்தர் என்கிறார். பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை, பள்ளிப் படிப்பு மட்டுமே உண்டு என்கிறார். அதன் பிறகு, ஓய்வு நேரத்தில் தாம் கண்ட கணித முடிவுகளைப் பக்கம் பக்கமாக எழுதிச் செல்கிறார். குறையை அவர் மறைக்கவும் இல்லை. குறையைத் தம் அளவுகோலாகக் கொள்ளவும் இல்லை. எஃப்.ஏ. தேறாதவர் என்பது ஒரு செய்தி. கணிதம் அறியாதவர் என்பது வேறொரு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவ அவர் மறுத்தார். பிற பாடங்களை அவர் கைவிட்டதை நீங்கள் பின்பற்ற வேண்டா. இந்த மறுப்பைப் பின்பற்றலாம்.

"அவர் மேதை, எங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். எழுவது முறைதான். மேதையரை எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி மாணவரை மேலும் சிறுமைப்படுத்திய ஆசிரியர் பலர் உண்டு. ஆகவே, அதே சந்திப்பிலிருந்து வேறோர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். தென்னக ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த ஒருவரின் மகன் விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தார். பிறகு பாலிடெக்னிக்கில் சேர்ந்து இயந்திரவியலில் பட்டயம் பெற்றார். பட்டயப் படிப்பைச் சிலர் இரண்டாந்தரமாக எண்ணுவது உங்களுக்குத் தெரியும். அதன் பின்னரே அவர் பொறியியல் பட்டமும் மேற்பட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் பெற்றார். அவர் ப. வீரமுத்துவேல்; 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர்.

இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. அந்த வெற்றிக்கு முன் இருந்த தோல்வியைச் சொல்லவே அவர் பெயரை எடுத்தேன். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலையில் சந்திரயான்-2இன் இறங்குகலம் தொடர்பு இழந்து நிலவின் தரையில் மோதியது. நாடே விழித்திருந்து பார்த்த தோல்வி அது. 'நமக்கு நிலவில் இறங்க வராது' என்று முடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அறிவியலாளர்கள் அதைச் சிறு சிறு வினாக்களாக உடைத்தார்கள். பொறிகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. அதனால் சேர்ந்த பிழையைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் திரும்பும் விரைவுக்கு மென்பொருளில் எல்லை இருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உடைய சிறு கட்டம். காரணங்கள் தெரிந்தபின் திருத்தங்கள் பிறந்தன. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது, கால்கள் வலுவாயின, எரிபொருள் கூடிற்று, வேகத்தை அளக்க லேசர்க் கருவி ஒன்று சேர்ந்தது. எல்லாம் சரியாக நடக்கும் என்று கருதி வடிவமைப்பதற்கு மாறாக, எவை எவை தவறக்கூடும், தவறினாலும் எவ்வாறு இறங்குவது என்று கருதி அதை வடிவமைத்ததாக இஸ்ரோ விளக்கிற்று. நம் மாணவர் தம் தேர்வுத்தாளை இப்படி ஒருமுறை பார்த்தால் போதும் என்று நான் ஏங்கியதுண்டு. அவர்களோ மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துவிடுவர். தம்மைப் பற்றிய மிகச் சிறந்த செய்தி அந்த மடிப்புக்குள் கிடக்கிறது.

எனில், 'வராது' என்பதை நீக்கிவிட்டு அவ்விடத்தில் எதை வைப்பது? 'என்னால் எல்லாம் முடியும்' என்று நாள்தோறும் கண்ணாடி முன் நின்று சொல்லுமாறு சிலர் அறிவுரை கூறுகின்றனர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் உளவியல் ஆய்வும் இதற்குச் சான்றாக நிற்கிறது: தம்மைத் தாழ்வாக எண்ணுவோர், தம்மைப் புகழும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, அவ்வாறு சொல்லாதவர்களைவிடச் சோர்வடைந்தனர். காரணம் எளிது. வாய் புகழ, உள்ளம் மறுக்கும். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் எதிராக ஒரு பழைய தோல்வியை நினைவு எடுத்துக் காட்டும். ஆதலால் புதிய வாசகம் நம் உள்ளமே மறுக்க முடியாத உண்மையாக இருத்தல் வேண்டும். அது சிறியதாக இருந்தாலும் தாழ்வில்லை.

அண்மையில் என் அண்டை வீட்டுப் பெண் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்தவள். ஒரு வாரம் சென்றதும், "எனக்கு இங்கிலீஷ் வராது தாத்தா; கல்லூரியை விட்டுவிடப் போகிறேன்" என்றாள். நான் அவளுக்கு ஊக்கவுரை எதுவும் சொல்லவில்லை. நாளை ஒரு மணி நேரப் பாடத்தில் உனக்குப் புரியாத சொற்களை மட்டும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு வா என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள். நாற்பத்து மூன்று சொற்கள் இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் அப்பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள். நாள்தோறும் அவையே திரும்ப வரும். 'இங்கிலீஷ் வராது' என்பது கடல். நாற்பத்து மூன்று சொற்கள் என்பது ஒரு குடம். அம்மாத முடிவில் அவள் சொன்ன வாசகம், "பாடம் முக்கால்வாசி புரிகிறது, கேள்வி கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை" என்பது. இதில் தற்பெருமை இல்லை, தாழ்மையும் இல்லை. நிற்கும் இடமும் அடுத்து வைக்க வேண்டிய அடியும் அதில் தெளிவாக இருக்கின்றன. தன்னால் முடியும் என்ற நம்பிக்கையை வளர்ப்பவற்றுள், பிறர் கூறும் ஊக்கத்தைவிடத் தானே செய்து முடித்த ஒரு சிறு செயல் வலியது என்று ஆல்பர்ட் பாண்டூரா என்னும் உளவியல் அறிஞர் 1977இல் எழுதினார். அவள் குறிப்பேட்டைப் பார்த்தபோது அது எனக்கு விளங்கிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாத் தடையும் உள்ளத்தில் இருப்பதன்று. கடைசிப் பேருந்து மாலை ஆறு மணிக்குச் சென்றுவிடும் ஊரில் இருக்கும் பெண்ணிடம் நம்பிக்கை போதும் என்பது அநியாயம், நம்பிக்கை பேருந்தாகாது. கட்டணம் கட்டப் பணம் இல்லாதது கட்டணம் கட்டப் பணம் இல்லாததே. அதற்கு உதவித்தொகை வேண்டும், மனத்திட்பம் மட்டும் போதாது. புறத்தே உள்ள சுவரை உள்ளத்தில் இருப்பதாகச் சொல்லி ஏழைப் பிள்ளையின் மீதே பழி போடுவோர் பெருகிவிட்டனர். சுவர் எங்கே இருக்கிறது என்று முதலில் தடவிப் பாருங்கள். புறத்தே இருந்தால் நாலு பேரைக் கூட்டிக் கேளுங்கள், மனுக் கொடுங்கள். அங்கே ஒன்றும் இல்லை, ஆயினும் கால் நகரவில்லை என்றால், அப்போது உள்ளே தேடுங்கள்.

ஆசிரியராகப் போகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள்; அவர்களுக்கு ஒரு சொல். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு உருவான மல்லாட்டை இரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பன. மல்லாட்டைச் செடி மண்ணுக்கு மேலே பூக்கும். பூ வாடியபின் அதிலிருந்து விழுது இறங்கி மண்ணைத் துளைத்துச் சென்று, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் காய் பிடிக்கும். நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில் உழவன் ஜிப்சம் இட்டு மண்ணைக் கொத்தி அணைக்கிறான். மண் இறுகிவிட்டால் விழுது இறங்காது. அவன் செடியைப் பார்த்து, 'உனக்குக் காய் வராது' என்று சொல்வதில்லை.

அந்தப் பையனிடம் திரும்புகிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலையாக ஒரு தராசை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். பின்னம் என்ற சொல்லைச் சில நாட்களுக்கு வாயில் எடுக்கவில்லை. கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ என்றே பேசினோம். பிறகு அவற்றை எண்ணால் எழுதினோம். வகுப்பார் அனைவர் முன்னிலையிலும், "அன்று நான் சொன்னது தவறு" என்று அவனிடம் சொன்னேன். ஓர் ஆசிரியருக்கு அது எளிய வாக்கியம் அன்று. அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் நோட்டுக் கொண்டுவந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஐம்பத்தொன்று எடுத்துத் தேறினான். நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், வாங்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். நடுத்தர வயதுள்ள ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மல்லாட்டை வாங்கி விற்கும் தொழில் நடத்துவதாகவும், கணக்கு முழுவதையும் தாமே பார்ப்பதாகவும் சொன்னார். குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டேன். மகிழ்ச்சி மிகுதியில், "தராசு கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா?" என்றேன்.

அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "தராசு சரியாக நினைவில்லை சார்" என்றார். "ஆனால் 'உனக்குக் கணக்கு வராது' என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. பெரிய தொகையைக் கூட்டும்போதெல்லாம் இன்னும் அது காதில் கேட்கும். கேட்டவுடன் இரண்டாம் முறை கூட்டிச் சரிபார்ப்பேன்."

மரக்காணம் வண்டி வந்தது. அவர் என் பையை வாங்கி உள்ளே வைத்து, எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.